திருப்பினால் முன்பக்கம் ‘டொக்’ என்று சத்தம், அவசர உதவி

ஈசூன்வாசி:
அண்ணன்மாரே, ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் டொக் டொக் என்கிறது. இங்கே சிங்கப்பூரில் அடுத்த வாரம் வண்டிக்குக் கட்டாய இன்ஸ்பெக்‌ஷன். என்ன பாகம் போயிருக்கும்?

பாசிரிஸ்_பாலா:
என்ன வண்டி, எத்தனை வருடம்? ஓடும்போதா, நிற்கும்போதா? சாலை ஹம்ப்பில் (வேகத்தடை) ஏறினாலும் வருகிறதா?

நீலவண்டி:
ஸ்டெபிலைசர் லிங்க்தான் (வண்டி சாயாமல் தடுக்கும் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் கம்பி). என் வண்டியிலும் இதே சத்தம், மாற்றியதும் போய்விட்டது.

மூத்த_ஓட்டுநர்:
தம்பி, வண்டி பெயர்கூடச் சொல்லாமல் பாகம் கேட்கிறீர்கள். எத்தனை தடவை இங்கே எழுதுவது? நீலவண்டிக்கும் சொல்கிறேன்: லிங்க் தேய்ந்தால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது தட்டும். இரண்டும் சேர்ந்து ஹம்ப் ஏறினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்காது, சத்தம் குறையும். ஸ்டியரிங்கைத் திருப்புவதால் மட்டும் வருவது குறைவு.

ஈசூன்வாசி:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். ஜப்பான் செடான், 2013 பதிவு, 190,000 கி.மீ. சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்று) 5 வருடத்துக்குப் புதுப்பித்தேன். புளோக் மாடிக் கார்பார்க்கில் திரும்பும்போது அதிகம். நிறுத்தி வைத்துத் திருப்பினாலும் உண்டு.

உட்லண்ட்ஸ்_ராஜா:
சிவி ஜாயின்ட், இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் இணைப்பு.

பாசிரிஸ்_பாலா:
இல்லை ராஜா. சிவி ஜாயின்ட் என்றால் முழுக்கத் திருப்பி வண்டியை நகர்த்தும்போதுதான் டிக் டிக் என்று வரும். இவருக்கு நின்றாலே வருகிறதே. ஈசூன், குலுக்கலைத் தாங்கும் அப்சார்பர் மாற்றினீர்களா?

ஈசூன்வாசி:
ஆமாம், போன வருடம். அது முக்கியமா?

பாசிரிஸ்_பாலா:
மிக முக்கியம்! அப்போது அப்சார்பரின் மேல் முனையை வண்டியோடு பிடிக்கும் பழைய டாப் மவுண்டையும், அது சுழல உதவும் பேரிங்கையும் அப்படியே திருப்பிப் போட்டிருப்பார்கள். பேரிங் இறுகினால் ஸ்டியரிங்கோடு ஸ்பிரிங் சுழலாது. முறுக்கிக்கொண்டு நின்று, டொக் என்று விடுபடும். பானெட்டைத் திறந்து அப்சார்பரின் மேல் முனையில் லேசாகக் கை வையுங்கள், இன்னொருவர் ஸ்டியரிங்கைத் திருப்பட்டும். துள்ளல் கையில் தெரியும்.

உட்லண்ட்ஸ்_ராஜா:
5 வருட சிஓஇ முடிந்தால் மறுபடி நீட்டிக்க முடியாது, ஸ்கிராப்தான். இதற்கு ஒரிஜினல் பாகம் எதற்கு? மலேசியாவில், ஜேபியில் (ஜொகூர் பாரு) மலிவாக முடிக்கலாம்.

நீலவண்டி:
எல்லை தாண்டும் விதிப்படி முக்கால் டேங்க் பெட்ரோல் நிரப்பி, ஜொகூர் போகும் காஸ்வே சாலையில் வரிசை பிடித்துப் போக வேண்டுமா? போகிற வழியில் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்?

உட்லண்ட்ஸ்_ராஜா:
நான் மாதாமாதம் போகிறேன், ஒன்றும் ஆகவில்லை. 10 வயது தாண்டினால் சாலை வரியிலும் கூடுதல் கட்டணம். எங்காவது மிச்சம் பிடிக்க வேண்டாமா?

மூத்த_ஓட்டுநர்:
மிச்சம் அப்புறம். முதலில் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் பால் ஜாயின்ட்டோ வீல் பேரிங்கோ. இடமும் வலமும் ஆட்டும்போது மட்டும் ஆடினால், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டாக இருக்கலாம். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் சாய்ந்துவிடும், உயிர் விஷயம். அது சரியாக இருந்தால்தான் ஜேபி போவதோ, இங்கே காக்கி புக்கிட் வொர்க்‌ஷாப் போவதோ.

ஈசூன்வாசி:
இடது பக்கம் துள்ளியது. சக்கரம் ஆடவில்லை. இரண்டு பக்கமும் டாப் மவுண்ட், பேரிங் மாற்றினேன், சத்தம் போய்விட்டது. இன்ஸ்பெக்‌ஷனும் பாஸ். பாலா அண்ணனுக்கு மிக்க நன்றி.

பாசிரிஸ்_பாலா:
மகிழ்ச்சி. சக்கர அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்த்தார்களா? பார்க்காவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

நீலவண்டி:
எவ்வளவு ஆனது? எந்தப் பக்கம் வொர்க்‌ஷாப்?

நீலவண்டி:
ஈசூன், இருக்கிறீர்களா?