பாதிக் குளிசை

பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒருங்கே பராமரிப்பது பற்றிக் கொழும்பிலிருந்து மூவர் எழுதியவை.

தெமட்டகொடையிலிருந்து:
மகளுக்கு உயர்தர வகுப்புக் கட்டணம், வாப்பாவுக்குச் சீனி வருத்தத்துக்கும் பிரெஷருக்கும் குளிசை, வருவது ஒரே சம்பளம். 2022இல் மருந்து விலை ஏறிய பின்னரும் வாப்பா கூடுதலாக ஒன்றும் கேட்காததை அவருடைய பொறுமை என்றே எண்ணியிருந்தேன். ஒருநாள் ஸுபஹ் தொழுகைக்குப் பின் அறைக்குள் நுழைந்தபோது, சவர பிளேட்டால் குளிசைகளைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் முஸல்லாவின் (தொழுகை விரிப்பின்) ஓரத்தை இழுத்து அவற்றை மூடினார். முந்திய மாதம் வகுப்புப் பணம் குறைந்தபோது, "என்ட கையில கொஞ்சம் மிச்சமிருக்கு மகன்" என்று அவர் தந்த 3,000 ரூபாய் எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. இன்றுவரை நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

மருதானையிலிருந்து:
ஏழைகளுக்குக் கடமையாகக் கொடுக்க வேண்டிய எனது ஸகாத்தை உம்மாவின் மருந்துச் செலவில் கழிக்கலாமா என்று நோன்பு மாதத்தில் மௌலவியிடம் கேட்டேன். வசதியற்ற பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளையின் கடமை என்பதால், அந்தக் கடமையை ஸகாத்தால் தீர்க்க முடியாது என்றார். பதிலை நான் எதிர்பார்த்தேதான் போனேன். பின்னால் மச்சான் நின்று கேட்டுக்கொண்டிருப்பதைத்தான் எதிர்பார்க்கவில்லை.

வெள்ளவத்தையிலிருந்து:
முதலில் எழுதிய சகோதரர் பேசாமலே விட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. குகைக்குள் அகப்பட்ட மூவரைப் பற்றி நபியவர்கள் சொன்ன ஹதீஸை எல்லோரும் பயானில், மார்க்கச் சொற்பொழிவில், கேட்டிருப்போம். அந்த மூவரில் ஒருவர், உறங்கிவிட்ட பெற்றோருக்காகப் பால் பாத்திரத்தோடு விடியும்வரை நின்றார்; அவருடைய காலடியில் பிள்ளைகள் பசியால் அழுதார்கள். அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் பயான் செய்து நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் மாமியின் காப்பு இரண்டு தடவை அடகுக்குப் போய் வந்தது, அவ்வளவுதான். ஆனாலும் சொல்கிறேன்: கூடப்பிறந்தவர்களை ஒன்றாக இருத்தி, யார் எவ்வளவு தருவது என்று எழுதி வையுங்கள். பங்கு தராத நானாவுக்கு, 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரலாம் என்பதை நினைவூட்டுங்கள். அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் குளிசை இலவசம் என்பதால் முதலில் அங்கே பதிந்து கிளினிக் கொப்பி போடுங்கள். 55 வயதில் கைக்கு வரும் ஊழியர் சேமலாப நிதியை முழுவதுமாகப் பிள்ளையின் கலியாணத்தில் கரைத்துவிடாதீர்கள்.

மீண்டும் தெமட்டகொடையிலிருந்து:
ஜஸாகல்லாஹு கைர். எனக்கு நானாவும் இல்லை, தம்பியும் இல்லை. வாப்பாவுக்குக் கிளினிக் கொப்பி எப்போதோ போட்டாயிற்று. அங்கே இல்லையென்று வெளியில் வாங்க எழுதிக் கொடுத்த குளிசையைத்தான் அவர் வெட்டிக்கொண்டிருந்தார்.