காரின் உட்பலகைக்குத் துணி மாற்றுவது: 'மறுவேய்தல்' சரியா, 'மறுபோர்த்தல்' சரியா?

வணக்கம்.

கதவின் உட்புறம் டோர் பேட், மேலே ரூஃப் லைனிங், கண்ணாடி ஓரங்களில் பில்லர் கவர். இவற்றைக் கழற்றி, நைந்த துணியை எடுத்துவிட்டுப் புதுத் துணியோ ரெக்சினோ ஒட்டும் வேலைக்கு, நாம் பார்க்கும் தமிழ்க் கையேட்டின் வரைவில் 'மெத்தை மாற்றல்' என்று போட்டிருக்கிறது. பொருந்தவில்லை. மெத்தை சீட்டில்தான் உண்டு. கூரையில் இருப்பது 3 மி.மீ. அளவுக்கு ஃபோம் ஒட்டிய துணி. கதவில் பல வண்டிகளில் அதுவும் கிடையாது.

பலகைக்கு 'உட்பலகை', ரூஃப் லைனிங்குக்கு 'உள்கூரை', வேலைக்கு 'மறுவேய்தல்' என்று வைக்கலாமா? வேய்தல் என்றால் மேலே பரப்பி மூடுவது. அதே வரைவில் ஸ்ப்ரே பசையின் 'ஓபன் டைம்' (பசை அடித்தபின் ஒட்டுவதற்கு ஏற்றதாக இருக்கும் நேரம்), 'திறந்த நேரம்' ஆகியிருக்கிறது. வாசலில் பலகை மாட்டியது போல இருக்கிறது. அதையும் மாற்ற வேண்டும். பலகையைப் பிடித்திருக்கும் கிளிப்பை மட்டும் கிளிப்பாகவே விட்டுவிடுவோம்.

* * *

> வேய்தல் என்றால் மேலே பரப்பி மூடுவது

ஓலையை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதுதான் எல்லோருக்கும் நினைவு வரும். இங்கே இருப்பது ஒரே துணி. இழுத்து, விளிம்பில் மடக்கி, பின்பக்கம் ஒட்டுகிறோம். முரசுக்குத் தோல் 'போர்த்தார்கள்' என்பது பழைய வழக்கு. எனக்கு 'மறுபோர்த்தல்' நெருக்கமாகப் படுகிறது.

'திறந்த நேரம்' வேண்டவே வேண்டாம். பலகையிலும் துணியின் பின்புறத்திலும் பசை அடித்த கையோடு ஒட்டினால், கரைப்பான் உள்ளேயே சிக்கிக் கொப்புளம் வரும். ஈரப் பசை ஃபோமில் ஊறித் துணியின் முகத்தில் கறையாகத் தெரியும், அது போகாது. ரொம்பக் காய்ந்துவிட்டாலோ பிடிக்காது. நடுவில் இருப்பது ஒரு நிலை. நேரம் அதற்கு அடையாளம் மட்டுமே. பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம், காற்றும் ஈரப்பதமும் பசையின் கனமும் மாறினால் அதுவும் மாறும். விரல் முட்டியால் தொட்டால் பிசுக்கென்று இழுக்க வேண்டும், முட்டியில் பசை வரக்கூடாது. இதைத் தமிழில் பதம் என்கிறோம். 'ஒட்டுப்பதம்' என்று வைத்தால் "பதம் வந்தது", "பதம் தப்பியது" என்று எழுதவும் வரும். பதம் நிற்கும் நேரம் 'பதக்காலம்'.

* * *

பதத்துக்கு என் ஓட்டு. முரசுக்கு இல்லை.

முரசுத் தோல் விறைத்து நிற்க வேண்டும். உட்பலகையில் அந்த விறைப்புதான் கோளாறே. டோர் பேடில் கைப்பிடியைச் சுற்றிக் குழிவு இருக்கும். உள்கூரையில் விளக்கு, சன்வைசர் இடங்களில் இருக்கும். துணியை இரண்டு ஓரத்திலும் பிடித்து இழுத்து ஒட்டினால் குழிவின் அடி தொடாமல் மேலோடு போய்விடும், அல்லது தொட்டும் தொடாமலும் பிடித்திருக்கும். அன்றைக்கு அழகுதான். வண்டி வெயிலில் நின்று பசை இளகியதும் துணி தன் இழுப்புக்கு எழும்பிவிடும். சூடு தாங்காத சாதாரணப் பசையென்றால் இன்னும் சீக்கிரம். இதற்கு 'குழிதாண்டல்' என்று பெயர் வைக்கலாம்.

தவிர்க்க வழி, துணியைப் பாதியாக மடித்துப் போட்டு நடுவிலிருந்து வெளியே போவது. குழிவு வரும்போது உள்ளங்கையாலும் விரல் நுனியாலும் அடியில் பதித்துவிட்டுத்தான் மேட்டுக்கு ஏற வேண்டும். இழுப்பு விளிம்பு மடிப்பில் மட்டும். ஆக, இது பரப்புகிற வேலை. முதலில் சொன்ன வேய்தல்தான் சரி. 'போர்த்தல்' தவறான கைப்பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கும்.

இன்னொன்று. வரைவில் 'பழைய துணியை உரித்துவிட்டு ஒட்டவும்' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். பழைய உள்கூரை தொங்குவதற்குப் பெரும்பாலும் பசை காரணமில்லை, ஃபோம் மட்கிப்போனதுதான் காரணம். துணி கையோடு வந்துவிடும், பலகையில் காவி நிறப் பொடி நிற்கும். அதன்மேல் எந்தப் பசை அடித்தாலும் பசை பொடியைத்தான் பிடிக்கும். நைலான் பிரஷ்ஷால், முகக்கவசத்தோடு, பலகையின் மேற்பரப்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். அழுத்தினால் அட்டைப் பலகை பெயரும். வேலையில் பாதி இதுதான், பெயரில்லாமல் விட முடியாது. 'சுரண்டல்' என்று வைத்தால் கையேடு வேறு துறைக்குப் போய்விடும். 'தேய்த்தெடுப்பு' போதுமா?

* * *

போதும். முரசைத் திரும்பப் பெறுகிறேன், 'மறுவேய்தல்' இருக்கட்டும்.

விளிம்பு வெட்டு இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். 30 மி.மீ. மடிப்பு விட்டால், வெளிவளைவில் துணி மிஞ்சிக் கொசுவம் விழும். அங்கே முக்கோணமாக வெட்டி எடுப்பது 'ஆப்பு வெட்டு'. உள்வளைவில் துணி போதாமல் இழுக்கும். அங்கே நேராகக் கீறிவிடுவது 'கீறுவெட்டு'. இரண்டையும் விளிம்புக்கு 3 மி.மீ. முன்னாலேயே நிறுத்த வேண்டும். வரைவில் இரண்டுக்குமே 'வெட்டு' என்று இருப்பதால், படிப்பவர் உள்வளைவிலும் முக்கோணம் எடுத்து ஓட்டை தெரிய விட்டுவிடுவார்.

ஏர்பேக் முத்திரை உள்ள பில்லர் கவருக்கு 'வேயாப் பலகை' என்று எழுதி, மேலே எதையும் ஒட்டக்கூடாது என்பதைப் பெயரிலேயே வைத்துவிடலாம். பை விரியும்போது கவர் விலக வேண்டிய விதம் அதில் கணக்கிட்டு அமைத்தது.

* * *

'வேயாப் பலகை' பிடித்திருக்கிறது. ஒன்று விட்டுப்போயிற்று: டோர் பேடின் நடுத்துண்டைப் பின்பக்கம் பிடித்திருக்கும், தலை உருக்கிப் பரத்திய பிளாஸ்டிக் முளைகள். 'உருகுமுளை' என்கிறேன். துணி மாற்ற அந்தத் தலையைச் சீவினால்தான் துண்டு கழலும்; திரும்ப உருக்க முளையில் நீளம் மிஞ்சாது. அகல வாஷர் போட்ட சிறு திருகால் முளையின் தண்டிலேயே பிடிக்க வேண்டும். திருகு நீளமாகப் போனால் புதுத் துணியின் முகத்தில் மூக்கு நீட்டும்.