ஹென்றி ஷெஃப்லின்: 27-484 என்ற கணக்கை எப்படிப் படிப்பது?

கேள்வி
ஹர்லிங் (அயர்லாந்தின் மட்டைப் பந்தாட்டம்) பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். கில்கென்னி மாவட்ட அணியின் ஹென்றி ஷெஃப்லின் சாம்பியன்ஷிப் ஆட்டங்களில் 27-484 எடுத்தவர் என்று போட்டிருக்கிறார்கள். இது எத்தனை புள்ளி? கால்வேயின் ஜோ கேனிங் 2021-ல் அதைத் தாண்டினார், பிறகு கார்க்கின் பேட்ரிக் ஹோர்கனும் தாண்டிவிட்டார். அப்படியும் ஷெஃப்லின் பெயரை முதலில் சொல்வது ஏன்?

பதில் 1
முதல் எண் கோல், இரண்டாவது பாயிண்ட். பந்து குறுக்குக் கம்பிக்குக் கீழே போனால் கோல், அதற்கு 3 புள்ளி. மேலே போனால் 1. ஆக 81 + 484 = 565. 71 ஆட்டத்தில் எடுத்தது, ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 8.

இந்த எண்ணை வைத்து ஆட்களை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். அணிக்கு ஃப்ரீ (எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் இலவச அடி) அடிப்பவர் யாரோ அவர் கணக்கு வேகமாக ஏறும். நீங்கள் சொன்ன மூவருமே ஃப்ரீ அடித்தவர்கள்தான். அது சுலபம் என்று நினைக்க வேண்டாம். பந்தைக் கையால் எடுக்கக் கூடாது. தரையில் இருப்பதை மட்டையால் கிளப்பி, அந்தரத்திலேயே அடிக்க வேண்டும். கிளப்பும் உயரமோ தூரமோ சற்று மாறினாலும் மட்டை தப்பான கோணத்தில் பந்தைத் தொடும், கம்பத்துக்கு வெளியே போய்விடும்.

பதில் 2
புள்ளியை விட, ஆல் அயர்லாந்து எனப்படும் அந்த சாம்பியன்ஷிப்பின் வெற்றிப் பதக்கம்தான் காரணம். 2000, 2002, 2003, 2006 முதல் 2009 வரை நான்கு, பிறகு 2011, 2012, 2014. களத்தில் இறங்கி 10 ஆல் அயர்லாந்து வென்ற முதல் ஆள் அவர். அவருக்கு முன் நோயல் ஸ்கீஹனிடம் 9 இருந்தது, ஆனால் அதில் மூன்று மாற்று கோல்கீப்பராக வெளியே உட்கார்ந்திருந்தபோது கிடைத்தவை. ஷெஃப்லினின் பத்தாவதும் மாற்று வீரராக வந்ததுதான். ஆனால் 2014 இறுதி சமனானதால் டிப்பரரிக்கு எதிராக நடந்த மறு ஆட்டத்தில் களம் இறங்கினார், அதனால் கணக்கில் சேரும்.

முழங்காலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2007 இறுதியில் லிமரிக்குக்கு எதிராகத் தசைநார் கிழிந்து, இடைவேளைக்குப் பின் வரவில்லை. 2010 அரையிறுதியில் மறுபடி கிழிந்தது. நான்கே வாரத்தில் இறுதிப் போட்டி, ஐந்தாவது தொடர் பட்டத்துக்கான ஆட்டம். அந்தத் தசைநார் இல்லாமல் நேராக ஓடிவிடலாம், சட்டென்று திரும்பினால் முழங்கால் விலகும். 13-வது நிமிடத்தோடு வெளியேறினார். கில்கென்னி 1-18, டிப்பரரி 4-17. அவரை இறக்கியிருக்கவே கூடாது என்பது என் கருத்து. அதற்குப் பிறகும் மூன்று பட்டம் என்பதை எந்தச் சராசரியும் காட்டாது.

கேள்வி கேட்டவர்
நன்றி. 2012 இறுதியில் கடைசி நேரப் பெனால்டியை ஏன் கோலுக்கு அடிக்காமல் பாயிண்டாகத் தட்டிவிட்டார்?

பதில் 2
அப்போது விதி வேறு. பெனால்டிக்கு கோல் கோட்டில் மூன்று பேர் நிற்பார்கள். ஒருவர் மட்டும் என்று மாறியது 2015-ல். கில்கென்னி 0-18, கால்வே 2-12, அதாவது ஆளுக்கு 18. மூன்று மட்டைகளைத் தாண்டிக் கோல் விழுவது நிச்சயமில்லை, பாயிண்ட் கிட்டத்தட்ட நிச்சயம். அந்த நிமிடத்தில் சரியான முடிவு அதுதான்.

பதில் 1
இதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு புள்ளி முன்னிலையை ஒரே ஒரு ஃப்ரீ அழித்துவிடும், அதுதான் நடந்தது. கேனிங் ஒன்றைத் தவறவிட்டார், நடுவர் கடைசியில் சேர்த்த நேரத்தில் இன்னொன்றைப் போட்டுச் சமன் செய்தார். கோல் விழுந்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். மறு ஆட்டத்தில் கில்கென்னி 3-22, 3-11 என்று வென்றது வேறு விஷயம்.

ஆனால் அந்த முதல் ஆட்டத்தின் இரண்டாம் பாதியைக் கட்டாயம் பாருங்கள். ஆட்டம் முழுவதும் அணி எடுத்த 19 புள்ளியில் 12 ஷெஃப்லினுடையது. பந்து வேறு யாரிடமாவது இருக்கும்போது அவர் எங்கே நகர்ந்து நிற்கிறார் என்று கவனியுங்கள்.