ஒன்பது தடிமன்களில் ஆறு மட்டுமே தெரிகின்றன: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். ஓர் ஆண்டு மலரின் பக்க வடிவமைப்புக்காக, 100 முதல் 900 வரை ஒன்பது தடிமன்கள் கொண்ட, திறந்த உரிமத்தில் கிடைக்கும் தமிழ் எழுத்துருக் குடும்பம் ஒன்றை நிறுவினேன். கோப்புறையில் ஒன்பது கோப்புகளும் இருக்கின்றன. ஆனால் வடிவமைப்பு மென்பொருளின் பட்டியலில் மீடியம், செமிபோல்டு, போல்டு ஆகிய மூன்றும் இல்லை. தடிமன் பொத்தானை அழுத்தினால், மென்பொருள் ரெகுலர் வடிவத்தையே செயற்கையாகப் பருக்கச் செய்வதால், ண, ஞ ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டு, அச்சில் மைப்பொட்டுகளாக விழுகின்றன.

எழுத்துருத் தற்காலிகச் சேமிப்பை அழித்தேன், அதே குடும்பப் பெயரில் முன்பு நிறுவியிருந்த மாறுநிலை எழுத்துருவையும் (பல தடிமன்களை ஒரே கோப்பில் அடக்கியது) நீக்கினேன், பயனில்லை. பிறகு எழுத்துருக் கோப்புகளை ஆராய உதவும் ஃபான்ட்டூல்ஸ் என்ற கருவி மூலம், கோப்பினுள் குடும்பப் பெயரும் பாணிப் பெயரும் பதிவாகியிருக்கும் பெயர் அட்டவணையைத் திறந்து பார்த்தபோது, ரெகுலரும் காணாமல் போன மூன்றும் 1, 2 ஆகிய புலங்களில் ஒரே குடும்பப் பெயரையும் 'ரெகுலர்' என்ற ஒரே பாணிப் பெயரையும் கொண்டிருப்பதும், அவற்றை வேறுபடுத்த வேண்டிய 16, 17 ஆகிய புலங்கள் இல்லாதிருப்பதும் தெரிந்தன. ஆகவே குறை மென்பொருளில் அன்று, எழுத்துருவில்தான் என்று கருதுகிறேன்.

பெயர் அட்டவணையை மட்டும் திருத்தினால் போதுமா, அல்லது அதே கோப்பிலுள்ள ஓஎஸ்/2 என்னும் மற்றோர் அட்டவணையின் தடிமன் எண்ணையும் பாணிக் குறிகளையும் சேர்த்தே மாற்ற வேண்டுமா? எழுத்துருக்களைத் திருத்தும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் திறந்து மறுபடி சேமித்தால் உயிர்மெய் இணைப்பு விதிகள் குலையுமோ என்று அஞ்சி, அதை இன்னும் தொடவில்லை. உரிமத்தில் பெயர் ஒதுக்கீட்டு நிபந்தனை (திருத்திய பதிப்புக்கு மூலப் பெயரைச் சூட்டக் கூடாது என்பது) இருப்பதால், திருத்திய கோப்பை அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் குடும்பப் பெயரை மாற்ற வேண்டுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.