புதுப்பிப்பு: தீவுக் கம்பெனியா, சிங்கப்பூர் பிரைவேட் லிமிடெட்டா?

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. ஜகார்த்தா வாடிக்கையாளர்களுக்கு சாஃப்ட்வேர் செய்து தருகிறேன், வரிக்காக பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளில் கம்பெனி பதியலாமா என்று கேட்டிருந்தேன்.

கடைசியில் இங்கே சிங்கப்பூரிலேயே பிரைவேட் லிமிடெட் பதிந்தாச்சு. "நிர்வாகம் எங்கே நடக்குதுன்னு பாருங்க தம்பி" என்ற அண்ணனின் பதில்தான் கை கொடுத்தது. முடிவெல்லாம் நான் இங்கே பிடோக்கில் உட்கார்ந்து எடுப்பதால், எந்தத் தீவில் பதிந்தாலும் இங்குள்ள வரித்துறையான ஐராஸ் அதை சிங்கப்பூர்க் கம்பெனியாகவே கருதி வரி கேட்கலாம். அங்கே பதிவு முகவருக்கு வருடாவருடம் அழுவது தனி. இங்கேயோ தகுதியுள்ள புதுக் கம்பெனிக்கு முதல் 3 வரி ஆண்டுகளில், முதல் 100,000 வெள்ளி வருமானத்தில் 75 விழுக்காட்டுக்கு விலக்கு.

அரசின் மின்-அடையாளக் கணக்கான சிங்பாஸ் இருந்ததால், கம்பெனிப் பதிவுத் தளமான பிஸ்ஃபைலில் நானே பதிந்தேன்: பெயருக்கு 15 வெள்ளி, பதிவுக்கு 300.

கவனிக்க: இயக்குநர் ஒருவர்தான் என்றால் அவரே கம்பெனிச் செயலாளராக முடியாது. 6 மாதத்துக்குள் வேறு ஆளைப் போடணும், அக்கா ஒத்துக்கொண்டார்.

எதிர்பாராதது வங்கிதான். பதிவு சட்டென்று முடிந்தது, கணக்கு திறப்பது இழுத்தடித்தது. ஜகார்த்தா ஒப்பந்தத்தையும் பழைய இன்வாய்ஸ்களையும் காட்டிய பிறகே நகர்ந்தது. அவற்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.