கிட் அமைப்புகள்: பங்களிப்பாளர் எல்லாரிடமும் ஒன்றுபோல் இருக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை, தாமிரபரணியின் 8 அணைக்கட்டுகளில் பாசனம் பெறும் குளங்களைப் பட்டியலிடும் சிறு மென்பொருளை நண்பர்கள் சிலர் சேர்ந்து எழுதி வருகிறோம். குறியீடு முழுவதும் கிட்டில் (கோப்புகளில் யார் எதை மாற்றினார் என்று பதிந்துவைக்கும் மென்பொருள்) இருக்கிறது.

சென்ற வாரம் சேரன்மகாதேவியிலிருந்து ஒரு தங்கை ஒரு குளத்தின் பெயரில் விட்டுப்போன ஒற்றெழுத்தைத் திருத்தி அனுப்பினாள். திறந்து பார்த்தால் 1,840 வரிகளும் மாறியதாகச் சிவப்பும் பச்சையுமாகக் காட்டுகிறது! அவளுடையது விண்டோஸ், எங்களுடையது லினக்ஸ்; வரிமுடிவுக் குறிகள் மாறிவிட்டன. அவள் திருத்திய ஓர் எழுத்தைத் தேடி எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. பாவம், தன்மேல்தான் தவறு என்று வருந்தினாள். தவறு எங்களுடையது. வரிமுடிவுக் குறிகளை எல்லாரிடமும் ஒன்றுபோல் ஆக்கும் 'கிட்ஆட்ரிபியூட்ஸ்' கோப்பை முதலிலேயே வைத்திருக்க வேண்டும். இப்போது வைத்துவிட்டோம், அந்தச் சிக்கல் தீர்ந்தது.

தீராதது இதுதான். களஞ்சியத்தை (குறியீடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் தொகுப்பை) நகலெடுக்கும்போது, கிட் எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் அதன் உள்ளமைவுக் கோப்பு கூடவே வருவதில்லை. அதில் கட்டளைகளை ஒளித்துவைத்து மற்றவர் கணினியில் ஓடவைக்க முடியும் என்பதால் அந்தக் கட்டுப்பாடு நியாயமானதே. ஆனால் மின்னஞ்சல் முகவரி, கமிட்டுக்கு (மாற்றத்தைக் கிட்டில் பதிவுசெய்வதற்கு) முன் ஓடவேண்டிய சோதனை ஆகியவற்றை ஒவ்வொருவரும் கையால் அமைக்க வேண்டியிருக்கிறது, பாதிப்பேர் மறந்துவிடுகிறார்கள்.

பொதுவான அமைப்புகளைத் தனிக் கோப்பாகக் களஞ்சியத்திலேயே வைத்து, 'இன்க்ளூட்' (வேறொரு கோப்பின் அமைப்புகளையும் சேர்த்துப் படிக்கச் சொல்லும் வசதி) வழியாக அவரவரே ஒருமுறை இணைத்துக்கொள்ளச் சொல்லலாமா? அல்லது நிறுவல் ஸ்கிரிப்ட் நல்லதா? பெரிய குழுவில் இதைச் செய்துபார்த்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். பழைய கமிட்டுகளில் கலந்துகிடக்கும் பெயர்களுக்கு 'மெயில்மேப்' கோப்பு (ஒருவரே பல பெயர்களில் பதிந்திருந்தால் ஒரே பெயராகக் காட்டுவது) எழுதத் தொடங்கிவிட்டேன்.