சென்னைப் பேருந்துகளின் அடுத்த இருபது ஆண்டுகள்: திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (தடம்பார்ப்பவன்):
சென்னைப் பெருநகரின் மூன்றாவது முழுமைத் திட்டம் 2046 வரையிலான காலத்துக்குத் தயாராகி வருகிறது. ஆனால் மாநகரப் பேருந்துகளைப் பற்றிய பேச்சு மட்டும், புதிதாக எத்தனை வண்டிகள் வாங்குவது என்ற ஒற்றை எண்ணிலேயே முடிந்துவிடுகிறது. லட்சம் பேருக்கு 60 பேருந்துகள் என்ற ஒன்றிய அரசின் அளவுகோலை, 2011 கணக்கெடுப்பில் பெருநகரில் இருந்த 86 லட்சம் பேருக்குப் பொருத்தினாலே ஐயாயிரத்துக்கு மேல் தேவைப்படும். இருப்பவையோ மூவாயிரத்துச் சொச்சம்தான். எண்ணிக்கையைத் தவிர, இப்போதே முடிவு செய்யாவிட்டால் பிறகு திருத்தவே முடியாதவை எவை என்பதே என் கேள்வி.

மறுமொழி (பணிமனைக்காரர்):
முதலில் நிலம். பணிமனைகளில் நீண்ட காலம் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: பேருந்தை எப்போது வேண்டுமானாலும் வாங்கிவிடலாம், நகருக்குள் பணிமனைக்கு இடம் வாங்க முடியாது. மதிப்பு மிக்க அந்த நிலங்களில் வணிக வளாகம் கட்டும் ஆசை எந்த அரசுக்கும் வரும். பணிமனையைப் புறநகருக்குத் தள்ளினால், காலையில் முதல் நடையைத் தொடங்கவும் இரவில் திரும்பவும் வண்டி பயணிகளில்லாமல் ஓட வேண்டியிருக்கும். அந்தச் செலவு அன்றாடம் தொடரும். மின்பேருந்து வந்த பிறகு இது இன்னும் கடினமாகிவிட்டது. 2025 ஜூனில் வியாசர்பாடியிலிருந்து 120 மின்பேருந்துகளை இயக்கத் தொடங்குமுன், அங்கே மின்னேற்று வசதிகளை அமைக்க வேண்டியிருந்தது. டீசல் வண்டி சில நிமிடங்களில் நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடும். மின்பேருந்துக்கு இடமும் நேரமும் வேண்டும்.

மறுமொழி (அயனாவரம் வாசகி):
நிலம் சரி, ஆனால் தடங்களையும் மறக்கக் கூடாது. 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்ட மெட்ரோ முழுமையாக வந்ததும், அதற்கு இணையாக ஓடும் நீண்ட தடங்களை வெட்டிவிட்டு, நிலையத்துக்குக் கொண்டுபோய் விடும் சிற்றுந்துகளாக மாற்றலாம் என்ற யோசனை கட்டாயம் எழும். வரைபடத்தில் அது அழகாகத்தான் இருக்கும். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்லும் வீட்டுப் பணிப்பெண்ணுக்கோ, ஒரே பேருந்தில் முடிந்த பயணம் பேருந்தும் மெட்ரோவுமாகப் பிரிந்து, இரண்டாவதற்குக் காசு கேட்கும். பயணச்சீட்டு முறையை இணைக்கும் முன் தடங்களை வெட்டுவது, அவரைப் போன்றவர்களின் சம்பளத்தில் கைவைப்பதாகும்.

மறுமொழி (பணிமனைக்காரர்):
ஏற்கிறேன், அம்மா. சாலையில் பேருந்துக்கு மட்டும் ஒதுக்கும் தனித்தடத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நெரிசலால் நாளுக்கு ஆறு நடை மட்டுமே ஓடும் வண்டி, வழி கிடைத்து எட்டு நடை ஓடினால், மூன்று வண்டிகளே நான்கின் வேலையைச் செய்துவிடும்.

மறுமொழி (தடம்பார்ப்பவன்):
சாலை மாநகராட்சியிடமும் நெடுஞ்சாலைத் துறையிடமும், நெரிசல் காவல்துறையிடமும், பேருந்து கழகத்திடமும் இருப்பதால்தான் தனித்தடம் பேச்சாகவே நிற்கிறது. இவற்றை ஒருங்கிணைக்க வேண்டிய சென்னைப் பெருநகர ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-லேயே சட்டம் இயற்றப்பட்டும், அதன் முதல் கூட்டம் 2022-இல்தான் நடந்தது. (நிறுத்தத்தில் இவ்வளவு நேரம் நாமும் நின்றதில்லை.) இன்னொன்று: தனியார் நிறுவனம் வண்டியையும் ஓட்டுநரையும் தந்து, ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் பெறும் மின்பேருந்து ஒப்பந்தங்கள் பல ஆண்டுகளுக்கு நீடிப்பவை. மெட்ரோ வந்ததும் தடத்தை மாற்றிக்கொள்ள அவற்றில் இடம் விடப்பட்டிருக்கிறதா என்பதை, முழுமைத் திட்ட வரைவின் மீது கருத்துக் கேட்கும்போது பணிமனை நிலத்தோடு சேர்த்து எழுப்பலாம் என்று நினைக்கிறேன்.